மோரி சாரின் ஆறு மாதங்கள்

நான் விடைபெற்ற அன்று, கேக் வெட்டி முடித்த பிறகு, உங்கள் மூவரில் ஒருவர் கேட்டீர்கள்: "இந்த வேலையில ரொம்ப முக்கியமா பாக்க வேண்டியது எது மேடம்?" எனக்குக் களைப்பாக இருந்தது. "பாஸ்போர்ட் காலாவதியாகிற தேதி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். தப்பான பதில் இல்லை. ஆனால் நம் விசா அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் சொல்ல வேண்டிய பதிலும் இல்லை. மருந்துக்கடை ஓரமாக இருக்கும் நம் மாடிப்படியில் ஏறி வந்து உங்களிடம் பேச இப்போது என் முட்டிகள் ஒத்துழைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிவங்களைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அவை வருடத்துக்கு வருடம் மாறும். நீங்களே பார்த்துக் கற்றுக்கொள்வீர்கள். ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைக்காரர்கள். கம்பெனி அனுப்புகிறது, கம்பெனி கையெழுத்துப் போடுகிறது, நாம் அடுக்கி அனுப்புகிறோம். அதில் யோசிக்க அதிகம் இல்லை. யோசிக்க வைப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள். மறைமலை நகரில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, பாதி வருடத்தைப் பிள்ளை இருக்கும் நாட்டில் கழிக்க நினைக்கிற நம் ஊர்க்காரர்கள். அதே போல, இங்கே வேலை பார்த்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போய், பாதி வருடமாவது இங்கே வந்து இருந்தால் தேவலாம் என்று நினைக்கிற வெளிநாட்டுக்காரர்கள். இந்த இரண்டு கூட்டமும் நம் மேசைக்கு முன்னால் உட்காரும்போது ஒரே மாதிரிதான் உட்காருவார்கள். நாற்காலியின் நுனியில்.

மோரி சார் இரண்டாவது கூட்டம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவின் தலைவராகப் பதினொரு வருடம் இருந்தவர். உற்பத்தி லைனில் இருந்தவர்கள் அவரை 'மோர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த பிறகும் அவர் அதைத் திருத்தவில்லை. மனைவி இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்று, ஜப்பானின் வடக்கே இருக்கும் சொந்த ஊருக்குப் போனவர், ஆறே மாதத்தில் திரும்பி வந்து நம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவரோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஏழுமலை. மண்ணூர்க்காரர். பதினொரு வருடமும் மோரி சாருக்குக் கார் ஓட்டியவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவர் செந்தில்வேல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பயிற்சித் தொழிலாளியாக வந்து, மோரி சாருக்குக் கீழே வேலை கற்று, இப்போது அந்தத் தொழிற்சாலைக்கே மேலாளராக இருப்பவர்.

"மேடம், சாருக்கு வருசத்துல பாதி நாள் இங்க இருக்கற மாறி ஒரு விசா வோணும்" என்றார் ஏழுமலை. "எங்க வூட்டு மாடி காலியாதான் கீது. ஃபேனு, கட்டில் எல்லாம் போட்டாச்சு."

"மோரி சார், நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தொழிற்சாலையில் கற்ற தமிழில், என் பெயரோடு மரியாதைக்கு ஒரு ஜப்பானிய 'சான்' சேர்த்துச் சொன்னார். "மேகலா சான். அங்கே குளிர் ஆறு மாசம். பேச்சு இல்லை. இங்கே ஏழுமலை இருக்கார். குளிர் முடிஞ்சா நான் போயிடுவேன்."

"வேலை ஏதாவது பாக்கற எண்ணம் இருக்கா?"

"இல்லை, இல்லை." இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். "வேலை போதும். நாப்பது வருஷம்."

அவர் பொய் சொல்லவில்லை. இன்றும் அதை நம்புகிறேன்.

மூன்று வழிகள் இருந்தன. டூரிஸ்ட் விசா: பல வருடத்துக்குக் கிடைக்கும், ஆனால் ஒரு தடவைக்கு இத்தனை நாள், ஒரு ஆண்டுக்கு இத்தனை நாள் என்று வரம்பு உண்டு. பிசினஸ் விசா: செந்தில்வேலின் கம்பெனி கடிதம் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் கம்பெனியைச் சார்ந்தே இருக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் விசா: ஒப்பந்தம் போட்டு ஆலோசகராக வருவது, அது அவர் வேண்டாம் என்று சொன்ன வேலையேதான்.

நான் டூரிஸ்ட் விசா என்றேன். காலண்டரை எடுத்து வைத்து, கார்த்திகையில் வந்து பங்குனியில் போனால் நாட்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் எப்படிப் பிரிந்து விழும், எங்கேயும் வரம்பு தாண்டாமல் குளிர் முழுவதையும் எப்படி இங்கேயே கழிக்கலாம் என்று வட்டம் போட்டுக் காட்டினேன். மோரி சார் "ஆ" என்று தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. உண்மையைச் சொன்னால், டூரிஸ்ட் விசாதான் எனக்கும் சுலபம். கம்பெனிக் கடிதத்துக்காக அலைய வேண்டாம், ஒப்பந்தம் பார்க்க வேண்டாம். அன்று வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

எழுந்து போகும்போது செந்தில்வேல் ஒரு வார்த்தை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "டூரிஸ்ட்டோ என்னவோ, சார் இங்க இருந்தா போதும் மேடம். எப்பவாவது லைன்ல ஒரு கோளாறுன்னா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. நிமிர்ந்து, "அது கூடாது, உட்காருங்க, இன்னும் கொஞ்சம் பேசணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அடுத்த ஆளின் கோப்பைத் திறந்துவிட்டேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் யார் யாரோ காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோப்பைத் திறந்த நேரம்தான் காரணம்.

முதல் குளிர்காலம் ஒரு சிக்கலும் இல்லாமல் போனது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் கொடுக்க வேண்டிய படிவத்தை ஏழுமலையே கற்றுக்கொண்டு போட்டார். இருவரும் காலையில் வல்லக்கோட்டைக் கோயில் வரை ஸ்கூட்டரில் போவார்கள், டீ குடிப்பார்கள், திரும்புவார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஏழுமலை ஒரு ஜெராக்ஸுக்காக வந்தவர், போகாமல் நின்றார்.

"சாருக்கு பொழுதே போவல மேடம். எங்க வூட்டு கேட்ட மூணு தபா பெயிண்ட் அடிச்சிட்டாரு. மொத தபா அடிச்சது சரியில்லன்னு சொரண்டி எடுத்துட்டு மறுபடியும் அடிக்கிறாரு. ரோட்டுல லாரி போனா அதுல கீற பம்பரையே பாத்துக்கினு நிக்கிறாரு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டாவது முறையாக நான் கவனிக்கவில்லை.

தை மாதம் அந்தத் தொழிற்சாலையில் ஒரு நெருக்கடி வந்தது. பம்பர்களில் பெயிண்ட் காய்ந்த பிறகு ஊசிமுனை அளவுக்குக் குழிகள். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வாங்குகிற கம்பெனி மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. லைனை நிறுத்தினால் ஒப்பந்தத் தொழிலாளர்களை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் வாடகை அறையில் நாலு பேர், ஐந்து பேராகத் தங்கியிருக்கிற தென்மாவட்டப் பிள்ளைகள். செந்தில்வேல் மண்ணூருக்குப் போய் மோரி சாரைக் கூப்பிட்டார். ஒரு எட்டு வந்து பார்க்கச் சொன்னார்.

மோரி சார் போனார். ஒரு எட்டு அல்ல, பதினோரு நாள். வெள்ளை ஓவராலை மாட்டிக்கொண்டு, ஷிப்ட் தொடங்கும் முன்பே போய், காற்று வருகிற குழாய் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி, கடைசியில் ஒரு குழாயின் இணைப்பில் எண்ணெய் கசிவதைக் கண்டுபிடித்தார். கைநீட்டி ஒன்றும் வாங்கவில்லை. லைனில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண் அவரோடு படம் எடுத்து, 'எங்க சார் திரும்பி வந்துட்டாவ' என்று எழுதித் தன் ஸ்டேட்டஸில் போட்டாள்.

அந்தப் படம் எங்கெங்கே போனது என்று தெரியாது. யார் புகார் எழுதினார்கள் என்றும் கடைசிவரை தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து மோரி சாருக்கு அழைப்பு வந்தது: சென்னையில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில், திங்கட்கிழமை, எல்லா ஆவணங்களோடும் ஆஜராகி விளக்கம் தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூவரும் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். செந்தில்வேல் கையில் தமிழில் ஒரு கடிதம், கம்பெனித் தலைப்பில், முத்திரையோடு. 'எங்கள் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்குக் கௌரவ விருந்தினராக அழைக்கப்பட்ட திரு. மோரி, விழா நாட்களில் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார்.' தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. அந்தத் தொழிற்சாலையில் அப்போது விழா எதுவும் நடக்கவில்லை.

"இத வச்சு ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க மேடம்" என்றார் செந்தில்வேல். "சார் கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு."

"இந்தத் தேதில விழா நடந்துச்சா?"

அவர் கடிதத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

நான் நம் முதலாளிக்குப் போன் செய்தேன். அப்போது இருந்த முதலாளி. இப்போது உங்களுக்கு இருப்பவர் அல்ல. "பார்ட்டி குடுக்கற பேப்பரை நாம ஃபைல் பண்றோம். அது உண்மையா பொய்யான்னு பாக்கறது நம்ம வேலையா மேகலா?" என்றார். இந்தத் தொழிலின் வழக்கப்படி அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. போனை வைத்துவிட்டு அந்தக் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். இதை மாதிரி கடிதங்களை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பார்த்திருக்கிறேன். சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியும் இருக்கிறேன்.

"ஒரே ஒரு பொய்தான மேடம்" என்றார் ஏழுமலை. குரல் இறங்கியிருந்தது. "அவரு யாருக்கு இன்னா கெடுதல் பண்ணாரு? காசு வாங்கினாரா? திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அந்த மனுசன் அங்க தனியா கெடப்பாரு மேடம்."

"என் வேலையும் இதுலதான் இருக்கு மேடம்" என்றார் செந்தில்வேல். "ரெண்டு பிள்ளையள படிக்க வைக்கேன். சாரைக் கூப்பிட்டது நான்தான். இல்லைங்கல. ஆனா இந்த ஒரு தாளு போதும், எல்லாரும் தப்பிச்சுக்கிடலாம்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மணி நாலு. இரண்டு நாள் விடுமுறை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது. பொய் எழுதுவது, உண்மையை ஒருவருக்குப் புரிய வைப்பதை விடச் சுலபமான வேலை.

ஆனால் மோரி சார் கடிதத்தில் எதையும் படிக்க முடியாமல், மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்துதான் அதில் விழப்போகிறது. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியாது. அதுதான் என்னை நிறுத்தியது. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன். ஏழுமலை என்னை முறைத்துவிட்டுத்தான் போனார்.

கதவைச் சாத்திவிட்டு மோரி சாரிடம் மெதுவாகச் சொன்னேன். "இந்தக் கடிதத்துல, நீங்க விழாவுக்குப் போனதா எழுதியிருக்கு."

"விழா இல்லை."

"ஆமா. நீங்க போனது வேலைக்கு. சம்பளம் வாங்கலைன்னாலும் அது வேலைதான். இந்த விசாவுல அது கூடாது. இதை நான் உங்களுக்கு முதல் நாளே தெளிவா சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அவர் கடிதத்தின் முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "இது கொடுத்தா?"

"ஒருவேளை நம்புவாங்க. நம்பலைன்னா, பொய் சொன்னவர்னு உங்க பேர்ல எழுதிடுவாங்க. அது அழியாது."

"உண்மை சொன்னா?"

"திருப்பி அனுப்பலாம். மறுபடி விசா கிடைக்காமலும் போகலாம். எனக்குத் தெரியாது மோரி சார். தெரியும்னு சொன்னா அது இன்னொரு பொய்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே கூட்டுரோட்டில் கம்பெனி பேருந்துகள் ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. திரும்பி, "பேப்பர்" என்று கை நீட்டினார். ஆங்கிலத்தில், தன் கையாலேயே, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினார். அரை மணி நேரம் ஆனது. நான் ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. கடைசி வரிகளுக்குத் தமிழில் இதுதான் அர்த்தம்: 'யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கூப்பிட்டார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. விதியை மீறியதற்கு வருந்துகிறேன்.'

ஏழுமலை மேலே வந்து அதைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நீங்கதான மேடம் இத எழுத சொன்னது? நல்லா கீது உங்க நாயம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். செந்தில்வேல் தன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

திங்கட்கிழமை நானும் மோரி சாரும் போனோம். ஏழுமலைதான் வாடகைக்கு ஒரு காரை எடுத்து ஓட்டி வந்தார். பூந்தமல்லி தாண்டும்வரை ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார். மோரி சார் தேய்த்த வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்திருந்தார்.

அதிகாரி ஒரு பெண்மணி. வயதில் என்னைவிடச் சின்னவர். கண்களில் என்னைவிட அதிகக் களைப்பு. கையால் எழுதிய அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"கம்பெனிலேர்ந்து லெட்டர் எதுவும் இல்லையா?"

"இருந்தது மேடம்" என்றேன். "அவர் வேணாம்னுட்டார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பாராட்டு எதுவும் இல்லை. எப்படிப்பட்ட கடிதம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. செந்தில்வேல். அவரை யாரும் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார். "மேடம், சாரைக் கூப்பிட்டுட்டுப் போனது நான்தான். அவருக்கு விசா விதி தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான். என் பேருலயும் எழுதிக்கிடுங்க" என்றார். மடிக்காத ஒரு புதிய தாள் அவர் கையில் இருந்தது. அதில் பதினோரு நாட்களின் தேதிகளும் சரியாக இருந்தன.

உண்மையைச் சொன்னதால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி முடியவில்லை. விசா ரத்து. ஏழு நாட்களுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். "மறுபடி அப்ளை பண்ணலாம். கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அதிகாரி. மோரி சார் எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அந்த அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்தார்.

அடுத்த மாதமே செந்தில்வேலை மேலாளர் பொறுப்பிலிருந்து இறக்கி, வடக்கே இருக்கும் வேறொரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். போகும் முன் நம் அலுவலகத்துக்கு வந்தார். "உங்க மேல வருத்தம் இல்ல மேடம்" என்றார். கொஞ்சம் இருந்திருக்கும். இருந்தால்தானே மனிதர்.

ஏழுமலை வரவில்லை. மண்ணூர் போகிற பஸ்ஸில் ஒருமுறை என்னைப் பார்த்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த குளிர்காலத்துக்காக மோரி சார் அங்கிருந்தே மறுபடி விண்ணப்பித்தார். நிராகரிப்பு. அந்தச் செய்தி எனக்கு மின்னஞ்சலில் வந்த அன்று, மேசையில் இருந்த மற்ற எட்டுக் கோப்புகளையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இந்த வேலையில் துக்கப்படக் கூட வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஓய்வுக்கால விசா கேட்டு வருகிற யாரிடமும், எத்தனை நாள் என்று முதலில் கேட்பதை நிறுத்தினேன். காலையில் எழுந்ததிலிருந்து இருட்டும் வரை அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிலர் கோபப்படுவார்கள். சிலர், "பேரனைப் பாத்துப்போம்" என்பார்கள். பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. மகளின் கடையில் 'சும்மா' உட்காரப் போவதாக ஒருவர் சொன்னார். அந்த 'சும்மா' எந்த நாட்டு விசாவிலும் பெரிய வார்த்தை. சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்குத்தான் நாம் சும்மா இருக்கிற விசா எடுத்துக் கொடுக்கிறோம். அதை அவர்களிடம் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுங்கள்.

நான் வேலையை விடுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஏழுமலை படியேறி வந்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்குப் பிறகு. தலை முழுக்க நரைத்திருந்தது. புத்தம் புதிய பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தார்.

"எனுக்கு ஒரு விசா வோணும் மேடம். ஜப்பானுக்கு."

மோரி சார் தபாலில் அனுப்பியிருந்த காகிதங்களைக் கொடுத்தார். அழைப்புக் கடிதம், செலவுக்குப் பொறுப்பேற்கும் கடிதம், பிறகு தங்கும் நாட்களின் அட்டவணை. அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, வருகிறவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்வார் என்று அழைப்பவர் எழுதித் தர வேண்டும். ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண்ணுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பி, போனில் படிக்கச் சொன்னேன்.

"முதல் நாள், வருகை. ரெண்டாம் நாள், ஓய்வு. மூணாம் நாள், வீடு. நாலாம் நாள், வீடு, நடை. அஞ்சாம் நாள், வீடு, பேச்சு." அப்படியே போனது. சுற்றிப் பார்க்கிற இடம் ஒன்றுகூட இல்லை. பதினைந்தாம் நாளில் அந்தப் பெண் நிறுத்தினாள். "கண் அறுவை சிகிச்சை, எனக்கு. நண்பர் உடன் இருப்பார்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். "நோயாளியைப் பாத்துக்க ஆள் வேணும்னு கூப்பிடறாரா? அப்படின்னா அது வேலை மாதிரி தெரியும் ஏழுமலை. இப்பவே கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க."

அவர் முகம் சிவந்தது. பிறகு ஏதோ நினைத்து அடங்கியது. "கேளுங்க மேடம். இப்பவாவது கேளுங்க" என்று சொல்லி, அவரே மோரி சாருக்கு வீடியோ போட்டு போனை என்னிடம் நீட்டினார்.

மோரி சார் மிகவும் மெலிந்திருந்தார். ஒரு கண்ணில் வெண்மை படர்ந்திருந்தது. நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் வார்த்தை தேடினார். பக்கத்தில் ஏழுமலை பொறுமையில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வேலை செய்ய நர்ஸ் இருக்காங்க, மேகலா சான்" என்றார் கடைசியில். "ஏழுமலை வேலை இல்லை. துணை."

சுற்றுலா இடங்கள் நாலைந்து சேர்த்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நம் அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். நான் அட்டவணையைத் தொடவில்லை. நர்ஸ் இருக்கிற விவரத்தையும், இவர்கள் இருவரும் யார் என்பதையும் ஒரு பக்கத்துக்கு எழுதி மேலே வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முன்கடிதங்களில் அதுதான் மிக மெதுவாக எழுதியது. கேட்டது மூன்று மாதம். கிடைத்தது ஒரு மாதம்.

ஏழுமலை போன பிறகு நானும் வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் மூன்றாவது வாரம், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. ஏழுமலை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தார்.

"மேடம், ஆப்ரேசன் நேத்து நல்லபடியா முடிஞ்சிது. சார் தூங்கிக்கினு கீறாரு. பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினார். கண்ணில் கட்டோடு, வாயை லேசாகத் திறந்தபடி, மோரி சார் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி.

"நர்ஸம்மா வந்து மருந்து ஊத்திட்டு போய்ட்டாங்க. நான் ஒண்ணும் தொடல மேடம். சும்மா பக்கத்துல உக்காந்துக்கினு கீறேன்." சற்றுத் தயங்கினார். கேட்கும்போது அவர் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. "இது வேலைல சேராதுல்ல மேடம்?"

"சேராது ஏழுமலை" என்றேன். "உக்காந்திருங்க."